எதிர்ப்பு வரும்போது சிதறாமல் சேர்ந்து ஊழியம் செய்வது எப்படி

சபையிலோ ஒரு சிறு ஐக்கியக் குழுவிலோ சேர்ந்து ஊழியம் செய்கிறவர்கள், வெளியிலிருந்து வரும் எதிர்ப்புக்குத்தான் பெரும்பாலும் அஞ்சுகிறார்கள். பல ஆண்டுகள் இத்தகைய குழுக்களுக்குள் இருந்து பார்த்ததில் நான் கண்டது வேறு. வெளி அழுத்தம் புதிய இடத்தில் உடைப்பதில்லை. ஏற்கெனவே கீறல் விட்டிருந்த இடத்தில்தான் பிளக்கிறது. யாருக்கு எது பொறுப்பு என்று தெளிவில்லாத குழுவும், பணக்கணக்கைத் திறந்து காட்டாத குழுவும், இருவருக்கிடையே இருந்த மனத்தாங்கலைப் பேசித் தீர்க்காமல் ஜெபத்தால் மூடிவைத்த குழுவும் முதல் மிரட்டலிலேயே கலைந்துபோகின்றன. ஆகையால் இந்த வழிகாட்டியில் பாதி, எதிர்ப்பு வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டியவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

துணைக்கு ஒரு வேத பகுதியை வைத்துக்கொள்வது நல்லது. நான் பரிந்துரைப்பது பழைய ஏற்பாட்டிலுள்ள நெகேமியாவின் புத்தகம். கி.மு. 445 அளவில் எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகரச் சுவரை, நெகேமியாவின் தலைமையில் மக்கள் 52 நாட்களில் எடுத்துக் கட்டிய வரலாறு அதில் இருக்கிறது. அதன் 4ஆம் அதிகாரத்தில் வெளிப்பகை வருகிறது, 5ஆம் அதிகாரத்தில் உட்பூசல் வருகிறது, 6ஆம் அதிகாரத்தில் தலைவனை மட்டும் தனியே பிரித்துத் தாக்கும் சூழ்ச்சி வருகிறது. குழுவாக அமர்ந்து இந்த மூன்று அதிகாரங்களையும் இதே வரிசையில் வாசித்துவிட்டு, நம்மிடம் இவற்றில் எது நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

வேலையைப் பெயரோடு பங்கிடுங்கள்

நெகேமியா 3ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு வேலைப்பங்கீட்டுப் பதிவு. எந்த வாசலிலிருந்து எந்த மூலைவரை யார் கட்டினார்கள், அவருக்கு அருகே யார் நின்றார்கள் என்று அது வரிசையாகச் சொல்கிறது. கட்டியவர்களில் தட்டார் உண்டு, தைலக்காரர் உண்டு, வணிகர் உண்டு; சல்லூம் என்பவர் தம் குமாரத்திகளோடு வந்து கட்டினார். பலருக்குத் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியே கொடுக்கப்பட்டது. தன் வீட்டுக்கு நேரே சுவர் பலவீனமாக இருப்பதை எவரும் விரும்பமாட்டார் என்பதால், அது நிர்வாகத் தந்திரமாகவும் நல்ல தந்திரமே. தெக்கோவா ஊராரின் பெரியவர்கள் வேலைக்குத் தோள்கொடுக்கவில்லை என்பதையும் அந்தப் பதிவு மறைக்கவில்லை. ஆனால் அதே ஊரின் சாதாரண மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கையும் கட்டினார்கள் என்று பிற்பாடு சொல்கிறது.

இதைப்போல் உங்கள் குழுவுக்கும் ஒரு தாள் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளர் ஒருவர் பெயர், அவர் இல்லாதபோது செய்யக்கூடிய இரண்டாமவர் பெயர், அந்தப் பொறுப்பு எந்த மாதத்தோடு முடிகிறது என்ற விவரம் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று எழுதப்பட்ட வேலையை ஒருவரும் பார்த்துக்கொள்வதில்லை. அல்லது, அதைவிட மோசமாக, ஒரே ஒருவர் மட்டும் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் கசந்துபோவார். முடிவுத் தேதி முக்கியமானது. முடிவே இல்லாத பொறுப்பிலிருந்து விலக ஒருவருக்குச் சண்டையைத் தவிர வேறு வழி கிடைப்பதில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ கண்டித்தபோது, நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஒருவரே சுமப்பதால் சுற்றி நிற்கிறவர்களும் களைத்துப்போகிறார்கள் என்பதை அந்த முதியவர் கண்டுகொண்டார்.

ஒரு சிறு சோதனை செய்துபாருங்கள். கூடுகிற இடத்தின் சாவிக்கொத்து, கணக்குப் புத்தகம், உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள், இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள் ஆகிய நான்கும் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எல்லாம் ஒருவரிடமே இருந்தால் அவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் உங்கள் குழு ஒரு மனிதரின் உடல்நலத்தின்மேல் நிற்கிறது.

மனத்தாங்கலுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்க விரும்பாத காலத்தில், டென்மார்க் ஆளுகையின்கீழ் இருந்த வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோரும் அவர்கள் குடும்பங்களும் 1800இல் கூட்டாக வாழத் தொடங்கினார்கள். பொதுவான உணவு மேசை, பொதுவான பணம், தனி வியாபாரம் எவருக்கும் இல்லை என்ற ஒழுங்குகளோடு அவர்கள் இன்னொன்றையும் ஏற்படுத்திக்கொண்டார்கள்: சனிக்கிழமை மாலை, ஒருவருக்கொருவர் இருக்கும் மனவேறுபாடுகளைப் பேசித் தீர்த்து அன்பை மறுபடி உறுதிசெய்துகொள்வதற்கான நேரம். வேறுபாடு வந்தால் பார்க்கலாம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. வாராவாரம் வரும் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1812 மார்ச் 11 அன்று அவர்களுடைய அச்சகம் தீக்கிரையாகி, கையெழுத்துப் படிகளும் காகிதமும் சாம்பலானபோது, இடிபாடுகளுக்கடியில் கிடைத்த எஃகு அச்சுப்பொறிப்புகளை எடுத்துப் புதிய எழுத்துகளை வார்த்து வேலையைத் தொடர அவர்களால் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனியின் எதிர்ப்பும் நெருப்பும் செய்யாததைச் சொத்துரிமை குறித்த தகராறு செய்தது. அவர்களை அனுப்பிய சங்கத்துக்கும் அவர்களுக்கும் இடையே பல ஆண்டுகள் நீண்ட அந்தப் பிணக்கு 1827இல் பிரிவினையில் முடிந்தது. அந்தச் சங்கத்தின் குழுவும் செராம்பூரும் இரு வேறு கண்டங்களில் இருந்தன. அவர்களுக்கிடையே சனிக்கிழமை மாலை என்று ஒன்று இல்லை.

நீங்கள் வாரந்தோறும் கூடவேண்டும் என்பதில்லை. மாதம் ஒருமுறை போதும். ஆனால் அந்த நேரத்தில் வேறு எந்த நிகழ்ச்சி நிரலையும் நுழைக்கக் கூடாது. ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இந்த மாதம் என்னைப் புண்படுத்தியது எது? இந்த மாதம் நான் யாருக்குச் சுமையாக இருந்தேன்? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் கூட்டம் குற்றப்பத்திரிகை வாசிப்பாக மாறிவிடும்.

இருவருக்கிடையிலான காரியம் இருவருக்கிடையிலேயே தொடங்கவேண்டும் என்பது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு. முதலில் தனியே, பிறகு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, அதன்பின்னரே சபைக்கு முன். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்; முதலில் பத்துப் பேரிடம் "ஜெபக் குறிப்பு" என்று சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவரிடம் போகிறோம். உங்களிடம் ஒருவர் இன்னொருவரைப்பற்றிக் குறைசொல்ல வந்தால், "அவரிடம் சொன்னீர்களா?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். தனியே போய்ப் பேசுவது பாதுகாப்பில்லாத வகைக் குற்றங்கள், குறிப்பாகப் பாலியல் அத்துமீறல், சிறார்மீதான வன்முறை ஆகியவை இந்த ஒழுங்கின்கீழ் வருவதில்லை. அவற்றை உடனே பொறுப்புள்ளவர்களிடமும் சட்டத்தின் முன்பும் கொண்டுபோக வேண்டும்.

எது எதிர்ப்பு, எது நியாயமான குறை?

இந்த ஒரு கேள்வியில்தான் குழுக்கள் அதிகமாகத் தவறுகின்றன. என் குழுவும் தவறியது. நோயாளிகளைச் சந்தித்து உதவும் சிறு குழு ஒன்றில் நான் இருந்தபோது ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம், நீல மை, கையெழுத்து இல்லை. நாங்கள் மூன்று மணிநேரம் உட்கார்ந்து, "ழ"கரத்தை இப்படிச் சுழித்து எழுதுகிறவர் யார் என்று ஆராய்ந்தோம். பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்த்தவரும் உண்டு. பிறகு கண்ணீரோடு ஜெபித்துவிட்டுக் கலைந்தோம். அந்தக் கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று முழுப் பொய். மற்றொன்று, எட்டு மாதங்களாக நீங்கள் கணக்கு வாசிக்கவில்லை என்பது. அது உண்மை. அந்த மூன்று மணிநேரத்தில் ஒருவர்கூட அதைப்பற்றி வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அடுத்த சில மாதங்களில் நான்கு பேர் விலகினார்கள். அவர்களை விலக்கியது அந்தப் பொய்யான பாதி அல்ல.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறான நல்ல மாதிரி. அன்றாட விசாரிப்பில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர்கள் அதைச் சாத்தானின் தாக்குதல் என்று சொல்லி அடக்கவில்லை. குறை உண்மை என்று ஏற்று, பந்தி விசாரிப்புக்கென்று ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சபையிடமே சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போனது என்று இதைப் படிப்பவர்கள் பலர். நானும் அப்படியே படிக்கிறேன்.

எனவே எந்த விமர்சனம் வந்தாலும், அதைச் சொன்னவர் யார் என்று பார்க்கும் முன்பு, சொல்லப்பட்டவற்றைத் தனித்தனி வாக்கியங்களாக ஒரு தாளில் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்மை", "பகுதி உண்மை", "பொய்" என்று குறியுங்கள். உண்மையானவற்றுக்கு இரண்டு வாரங்களுக்குள் திருத்தம் செய்யுங்கள். 1 பேதுரு, குற்றம் செய்து அடிபட்டுப் பொறுமையாய்ச் சகித்தால் அதில் என்ன மேன்மை என்று கேட்கிறது. பிறர் காரியங்களில் தலையிட்டதற்காகப் பாடுபடுவதையும் அது கிறிஸ்துவுக்காகப் படும் பாட்டில் சேர்ப்பதில்லை. தம்மிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் "எதிர்ப்பு" என்றே பெயரிடும் தலைவர் உங்களுக்கு இருந்தால், உங்கள் குழுவின் பெரிய ஆபத்து வெளியில் இல்லை. பணத்தைப் பொறுத்தவரை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தின் ஒழுங்கே போதும். எருசலேம் சபைக்குச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியே கையாள மறுத்து, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் அனுப்பினார். காணிக்கையை எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர்.

உண்மையான எதிர்ப்பு வந்துவிட்டால்

முதலில் வருவது ஏளனம். ஒரு நரி ஏறினாலும் இவர்கள் கட்டும் சுவர் இடிந்துபோகும் என்றான், கட்டுமானத்தை எதிர்த்தவர்களில் ஒருவனான தொபியா. நெகேமியா அவனுக்கு மறுமொழி சொல்லவில்லை. மனக்கசப்பைத் தேவனிடம் கொட்டிவிட்டார். அடுத்த வசனமே, சுவர் பாதி உயரத்துக்கு எழும்பியது என்கிறது. ஏளனத்துக்குப் பதில் எழுதுவது, அதிலும் சமூக ஊடகங்களில் எழுதுவது, கேலிசெய்தவருக்கு மேடை கட்டிக்கொடுப்பதாகும்.

வதந்தி வேறு வகை. அதற்கு ஒரே ஒரு முறை பதில் தேவை. ஓனோ பள்ளத்தாக்குக்குப் பேசவரும்படி, எதிர்த்தவர்களான சன்பல்லாத்தும் கேஷேமும் நான்கு முறை ஆள் அனுப்பினார்கள். நெகேமியா நான்கு முறையும், நான் பெரிய வேலையைச் செய்கிறேன், என்னால் வர முடியாது என்ற ஒரே பதிலையே அனுப்பினார். ஐந்தாம் முறை வந்தது முத்திரையிடாத கடிதம். வழியிலேயே எவரும் வாசித்துப் பரப்பட்டும் என்பதற்காகவே அது திறந்து விடப்பட்டிருந்தது என்று தோன்றுகிறது. ராஜாவாக முயல்கிறாய் என்ற அந்தக் குற்றச்சாட்டு ஆபத்தானது. ஆகவே, அப்படிப்பட்ட காரியம் எதுவும் நடக்கவில்லை, அது உன் கற்பனை என்று சுருக்கமாக மறுத்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். நீங்களும் குழுவுக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்து, அவர் ஒருவர் மட்டும், எழுத்தில், உண்மைகளை மட்டும், ஒருமுறை சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்லவேண்டியது ஒன்றே: "அதைப்பற்றி எங்கள் பொறுப்பாளர் பதில் சொல்லியிருக்கிறார்."

மிரட்டலோ சட்டச் சிக்கலோ வந்தால், நடந்ததைத் தேதி, நேரம், இடம், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றோடு அன்றே எழுதிவையுங்கள். நினைவு சில நாட்களில் கதையாக மாறிவிடும். உங்கள் கூடுகைக்குத் தேவையான அனுமதிகள், பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அமைதியான காலத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சட்ட உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளை மறுபடி வாசிக்கவேண்டும். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்தவர்களே வந்து தங்களை வெளியே அழைத்துக்கொண்டுபோகட்டும் என்று பவுல் நின்றார். எருசலேமில் வாரினால் கட்டப்பட்ட நிலையில் தம் ரோமக் குடியுரிமையைச் சொன்னார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். அதே பவுல் தமஸ்குவில் கூடைக்குள் உட்கார்ந்து மதில்வழியாக இறங்கித் தப்பினார். இக்கோனியாவில் கல்லெறியத் திட்டமிட்டபோது லீஸ்திராவுக்கு ஓடினார். எப்போது நிற்பது, எப்போது விலகுவது என்று ஒருவருடைய வீரம் தீர்மானிக்கக் கூடாது; அதனால் ஆபத்துக்குள்ளாகப்போகிற பிள்ளைகள், முதியவர்கள், புதிதாக வந்தவர்கள் ஆகியோரைக் கணக்கில் எடுத்துக் குழுவாகத் தீர்மானிக்க வேண்டும்.

எதிர்ப்பைச் சந்தித்தவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் ஒழுங்காக்கிக்கொள்ளுங்கள். எருசலேமில் பிடிக்கப்பட்டு மிரட்டப்பட்ட பேதுருவும் யோவானும் விடுதலையானவுடன் தங்களைச் சேர்ந்தவர்களிடத்தில் போய் நடந்த யாவற்றையும் அறிவித்தார்கள். கூடியிருந்தவர்கள் மிரட்டல் நீங்கவேண்டும் என்று கேட்கவில்லை. தைரியமாய்ப் பேச அருள்செய்யும் என்றே ஜெபித்தார்கள். அவர்கள் சேர்ந்து ஜெபித்தது, கேட்ட செய்தியைப்பற்றி. செய்தியை மறைத்துவிட்டு "பாரமாய் ஜெபியுங்கள்" என்று மட்டும் கேட்டால், பயம் பெருகுமே தவிர ஜெபம் பெருகாது.

களைத்தவர்களைக் கவனியுங்கள்

பாதிச் சுவர் முடிந்த நிலையில்தான், சுமை சுமக்கிறவர்களின் பெலன் குறைந்துபோயிற்று, மண்ணோ இன்னும் மிகுதியாயிருக்கிறது என்று யூதா மனிதர் சொன்னார்கள். தொடக்க உற்சாகமும் முடிக்கும் மகிழ்ச்சியும் இல்லாத நடுப்பகுதி எந்த ஊழியத்திலும் அபாயமானது. பகைவர் ஒன்றும் செய்யாமலே அங்கே வேலை நின்றுவிடும்.

அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கினார்கள் என்பதை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முன் அவர்கள் செய்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து, அவரை உட்காரவைத்தார்கள். கையைத் தாங்குவது இரண்டாவது. உட்கார இடம் கொடுப்பது முதலாவது. சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கும் முதலில் கிடைத்தது உறக்கமும் அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு முறை. ஆகையால் களைத்த ஒருவருக்கு ஆறுதல் வசனம் அனுப்பும் முன்பு, அவருடைய இந்த வாரப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று பாருங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் ஓரிரவு யார் துணைக்கு இருப்பது என்று பாருங்கள். முற்றிலும் விலகி ஓய்வெடுக்க வேண்டியவரை மதிப்போடு அனுப்பிவையுங்கள். மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்துவைப் பவுல் பிலிப்பிக்குத் திருப்பி அனுப்பியபோது, வேலையைப் பாதியில் விட்டுவந்தவன் என்று ஊரார் எண்ணிவிடாதபடி, அவனை மிகுந்த சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டு கனம்பண்ணுங்கள் என்று எழுதியே அனுப்பினார். உங்கள் குழுவில் ஓய்வுக்குப் போகிறவருக்காக அப்படி இரண்டு வரி எழுத யாராவது இருக்கிறார்களா?

ஒத்துப்போக முடியாமல் பிரிய நேர்ந்தால்

சில நேரங்களில் எல்லாம் செய்தும் முடியாது. மாற்கு எனப்பட்ட யோவானை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக வாக்குவாதம்பண்ணி வெவ்வேறு திசையில் போனார்கள். அப்படிப் பிரிகிறவர்கள் காரணத்தை இருவரும் ஒப்புக்கொண்ட இரண்டு வாக்கியங்களில் எழுதி, அதையே இரு பக்கமும் சொல்லட்டும். ஆட்களை இழுத்துக்கொண்டு போவதும், பொதுப் பொருட்களை இரவில் எடுத்துச் செல்வதும் கூடாது. திரும்பிப் பேசக் கதவு திறந்திருக்கட்டும். பல ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்த பவுல், மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

வேலை முடிந்த பிறகு

எபிரெய நாட்காட்டியின் எலூல் மாதம் இருபத்தைந்தாம் தேதி எருசலேமின் சுவர் முடிந்தது. முடிந்த பிறகும் தொபியாவுக்கும் யூதாவின் பெரிய மனிதருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. நெகேமியா உடனே வாசல்காவலரை ஏற்படுத்தி, எருசலேமின் பொறுப்பைத் தம் சகோதரன் ஆனானியிடமும், தேவனுக்குப் பயந்தவனான அனனியாவிடமும் கொடுத்து, வெயில் ஏறும்வரை வாசல்களைத் திறக்கவேண்டாம் என்றார். நீங்களும் ஒரு நெருக்கடியைத் தாண்டியவுடன் நன்றிக்கூட்டத்தோடு நிறுத்திவிடாமல், பொறுப்புகளை மறுபடி பங்கிட்டு, காலம் முடிந்தவர்களை விடுவித்து, சாவிக்கொத்தைப் புதியவர்களிடம் ஒப்படையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: எதிர்த்தவர்களுக்கு உள்ளேயே இடம் கொடுத்துவிட்டோமா, ஊழியம் செய்கிறவர்களின் பங்கு நின்றுபோயிருக்கிறதா? நெகேமியா சிலகாலம் ராஜாவிடம் போயிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஆலயப் பிராகாரத்துக்குள்ளேயே ஒரு பெரிய அறை தொபியாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவன் எலியாசிப் என்ற ஆசாரியன்; சுவர் கட்டியவர்களின் பட்டியலில் முதற்பெயரும் எலியாசிப்தான். காணிக்கைகளும் பணிமுட்டுகளும், ஆலயப் பணி செய்த லேவியருக்குரிய தானியமும் வைக்கும் அறை அது. லேவியருக்கு அவர்கள் பங்கு கொடுக்கப்படாததால், அவர்கள் ஊழியத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து அறையைச் சுத்தம்பண்ணினார்; பிறகு லேவியரைத் தேடி அழைத்துவந்து அவர்கள் இடத்தில் நிறுத்தி, அவர்கள் பங்கு தவறாமல் போய்ச்சேர உண்மையுள்ளவர்கள் என்று பெயர்பெற்ற நால்வரை நியமித்தார்.